பாலைப்பழக் காலம்

ஜூன் 8, 2024, சனி

திருகோணமலையில் கன்னியா தாண்டி வரும் வழியில் ஒரு அக்கா பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். சுண்டு என்ற சின்ன அளவுப் பேணியால் இரண்டு சுண்டு வாங்கினேன். நாலு பழம் தின்பதற்குள் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. “எண்ணெய் பூசிப்போட்டுத் தின் எண்டு வருசா வருசம் சொல்லுறன்” என்று அம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலை நீட்டினார்.

பழம் தேன்தான். ஆனால் அந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் கிடந்த குவியல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கைமொத்தக் கொப்புகள். இலை வாடவில்லை, வெட்டுவாயில் வெள்ளைப் பால் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கொப்புகளில் இருந்துதான் பழத்தை உருவி உருவிச் சுண்டில் போட்டுத் தந்தார்.

ஜூன் 9, ஞாயிறு

வேறு வேலை இல்லாமல் ஒரு சுண்டுக் கொட்டையை எண்ணிப் பார்த்தேன்: 173. கறுத்து மினுங்குகிற கொட்டைகள். கரடி தின்றிருந்தால் இவற்றைக் காட்டுக்குள்ளேயே எங்காவது எச்சத்தோடு போட்டிருக்கும். பாலை பழுத்தால் கரடி மரத்திலேயே குடியிருக்கும் என்பார்கள். நான் தின்றதால் போகிற இடம் குப்பை வாளி. மனம் கேட்கவில்லை, சிரட்டையில் போட்டு வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

மாமாவோடு பன்குளம் பக்கம் போனேன். இளவயதில் தேனும் விறகும் எடுத்துக் காட்டில் திரிந்தவர். குளக்கட்டில் நின்றபடியே ஒரு மரத்தைக் காட்டினார். பெரிய பாலை. ஒரு பக்கம் முழுக்க முழங்கை நீளக் கட்டைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“நாங்கள் படங்கு விரிச்சு, ஒராள் ஏறி உலுப்புவம். பழுத்தது மட்டும் கொட்டும். காய் மரத்தில நிக்கும், அது குருவிக்கும் கரடிக்கும். இவங்கள் காயோட, பூவரும் நுனியோட எல்லோ வெட்டுறாங்கள்.”

பாலை மரம் தண்ணீரில் போட்டால் தாழும். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை அறுத்த மரம். அவ்வளவு வயிரம் ஏற அதற்கு எத்தனை காலம் வேண்டும்! வெட்டிய கொப்பு அடுத்த வருடமே திரும்ப வந்துவிடுமா என்ன?

ஜூலை 3, புதன்

கொப்பு வெட்டுவதுதான் முழுக் குற்றம் என்று நினைத்திருந்தேன். பிரேசில் கொட்டை பற்றிப் படித்ததும் கொஞ்சம் குழம்பிவிட்டேன். அமேசன் காட்டில் யாரும் கொப்பு வெட்டுவதில்லை, விழுந்த காயைப் பொறுக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் 23 இடங்களைப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பல பத்தாண்டுகள் விடாமல் பொறுக்கிய காடுகளில் கிழட்டு மரங்களே மிச்சம், இளசுகள் இல்லை என்றார்கள். மரம் நூற்றுக்கணக்கான வருடம் நிற்கும். அதனால் காடு நிறைந்திருப்பது போலவே தெரியும்.

ஜூலை 14, ஞாயிறு

அதே அக்கா. இந்த முறை கேட்டே விட்டேன். கோபப்படவில்லை.

“தம்பி, ஏறி உலுப்பிப் பொறுக்க அரை நாள் போகும். அதுக்குள்ள வன இலாகாக்காரர் வந்தா ஆர் நிக்கிறது? கொப்பெண்டா பத்து நிமிசம்.”

அதாவது தடை இருப்பதால்தான் அவசரம், அவசரத்தால்தான் கத்தி. ஒதுக்கக் காட்டில் அனுமதியில்லாமல் ஒன்றும் எடுக்கக்கூடாது என்ற சட்டம் சரிதான், ஆனால் அது பழம் பறிப்பதை நிறுத்தவில்லை. பறிக்கும் விதத்தைத்தான் கெடுத்திருக்கிறது. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையிலும் 2006-இல் அங்கு வாழும் சோலிகர் பழங்குடியினரை நெல்லிக்காய் எடுக்கவிடாமல் தடுத்தார்கள். நெல்லியைக் குருவிச்சை என்ற ஒட்டுண்ணிச் செடி பிடித்து வாட்டுகிறது, முன்பு போல் சருகுக்குத் தீ வைக்கவிடாததுதான் காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள். காட்டில் திரிகிறவரிடம் கேட்காமல் தடை போட்டால் இப்படித்தான்.

இன்னும் ஒரு சுண்டு வாங்கினேன். வாங்காமல் வந்திருக்க வேண்டும், வாய் கேட்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நவம்பர் கடைசியில் அடித்த மழைக்குப் பிறகு இன்றுதான் பன்குளம் போக முடிந்தது. அந்தப் பாலைக்குக் கீழே குனிந்து எண்ணினேன். விரலளவு நாற்று 41. முழங்கால் உயரத்தில் ஒன்றுகூட இல்லை. இடுப்பளவில் தேடவே தேவையில்லை. நாற்றுகளுக்கு நடுவே மாட்டுச் சாணம், புதிதாக. சில நாற்றில் இலை நறுக்கென்று கடிபட்டிருந்தது.

“போன வருசமும் இப்பிடித்தான் முளைச்சிருக்கும்” என்றார் மாமா. விழுகிற விதை விழுகிறது, முளைப்பதும் முளைக்கிறது. அதன் பிறகுதான் எங்கோ அறுந்துபோகிறது. இதற்கு அந்த அக்காவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இவ்வளவு மாட்டைக் காட்டுக்குள் யார் விடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

சிரட்டைக் கொட்டைகளை ஜூலையிலேயே ஒரு தயிர்ச்சட்டியில் மண் நிரப்பிப் போட்டிருந்தேன். ஒன்பது வந்திருக்கிறது. பாலைக் கன்றில் சப்போட்டா ஒட்டலாமாம், அம்மா யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார். மூன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வளவு வேலியோரம் நட இடம் பார்த்தேன். அங்கேயும் பக்கத்து வீட்டு ஆடு வரும்.