இந்த வருஷத்துச் சிவப்பு

செப்ரெம்பர் 24
திகதி வந்துவிட்டது. ஒக்டோபர் 16, வலது கண்ணுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்த திகதி. வந்த பிறகு மனம் கனக்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே அல்கொன்குயின் காட்டில் சுகர் மேப்பிள் மரங்கள் அதற்கு முன்பே சிவந்து கொட்டிவிடும். இந்த வருஷத்துச் சிவப்பையும் பழைய கண்ணால்தான் பார்க்கப்போகிறேன்.

செப்ரெம்பர் 25
மழை. ஒன்றும் கீறவில்லை.

செப்ரெம்பர் 29
விடியமுன் வெளிக்கிட்டு வடக்கே போனோம். மகள் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலை 60-இல் ஏறியதும் இருபக்கமும் காடு. வானம் மூட்டமாக இருந்தது. எனக்கு வேண்டியது அதுதான். கடும் வெயிலில் இலைகள் பளபளத்து நிறத்தைத் தின்றுவிடும். நனைந்த கிளை ஒன்றுக்கு முன்னால் நின்று லென்ஸில் மாட்டிய, மினுக்கத்தை வெட்டும் போலரைசர் கண்ணாடியின் வளையத்தை மெல்லத் திருப்பினேன். மினுக்கம் அடங்கி, உள்ளே கிடந்த நிறம் மேலே வந்தது. அந்த நொடிக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். நிறச் சமநிலையை, அதுதான் வைற் பலன்ஸை, ஓட்டோவில் விடவில்லை, பகல் வெளிச்சத்தில் வைத்தேன். ஓட்டோவில் விட்டால் காட்டின் சூட்டைக் கமரா தணித்துவிடும். மற்ற நிறங்களுக்கு முதல் சிவப்புத்தான் எரிந்துபோகும் என்பதால் உள்ளே விடும் வெளிச்சத்தையும் (எக்ஸ்போஷர்) கொஞ்சம் இறக்கினேன்.

இவ்வளவும் கைப்பழக்கம். திரையில் எனக்குத் தெரிந்ததோ பழுப்பு ஏறிய ஒரு சிவப்பு.

"பிள்ளை, இது செவ்வரத்தைச் சிவப்போ, குங்குமமோ?"

"ரெண்டும் இல்லை அம்மா. மாதுளம்முத்து."

திரும்பி வரும் வழியெல்லாம் மாதுளம்முத்து, மாதுளம்முத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஒக்டோபர் 1
சரஸ்வதி பூசை. தூரிகைகளைக் கும்பத்தடியில் வைத்தேன். கமராவையும் வைக்கச் சொன்னார் இவர். வைத்தேன். நாளைக் காலைவரை எதையும் தொடக்கூடாது. கை துறுதுறுக்கிறது.

ஒக்டோபர் 5
ஒன்ராறியோ கலைக்கூடம். கனேடிய ஓவியர் ரொம் தொம்சனின் 'மேற்குக் காற்று' படத்துக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன். அவர் அல்கொன்குயினில் கொப்பித் தாள் அளவுப் பலகைகளில், நின்ற இடத்திலேயே எண்ணெய் வர்ணத்தால் கீறிக்கொண்டு வருவார். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் ஒரு கொட்டிலுக்குள் இருந்து அவற்றில் சிலதைப் பெரிய கன்வஸ் ஆக்குவார். இந்தப் படமும் 1916-17 குளிர்காலத்தில் அப்படி வந்ததுதான். அடுத்த யூலையில் அல்கொன்குயினின் கனோ ஏரியில் இறந்துபோனார். வயது 39. அந்தக் கொட்டில் இப்போது கிளைன்பேர்க்கில் மக்மைக்கல் கலைக்கூட வளவில் நிற்கிறது.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இப்போது படம் எடுத்து வைப்பது, குளிர்காலத்தில் புதுக் கண்ணோடு கீறுவது. ஆனால் அவருடைய பலகையில் இருந்தது அவர் கண்ட நிறம். என் கமராவில் இருப்பது நான் காணாத நிறம். காணாததை எப்படிக் கீறுவது?

ஒக்டோபர் 8
நித்திரை இல்லை. இலையில் மஞ்சள் கோடை முழுக்க இருக்கிறது. பச்சை அழியத்தான் வெளியே தெரியும். சிவப்பு அப்படி இல்லை. பகல் வெயிலும் குளிர் இரவும் சேர, இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. விழப்போகிற இலை ஏன் புதிதாக ஒரு நிறம் செய்யவேண்டும்?

என் கண்வில்லையிலும் மஞ்சள் ஏறிக் கிடக்கிறது. நீலத்தை அது உள்ளே விடுவதில்லை. பிரெஞ்சு ஓவியர் மொனேக்கும் இதே புரைதான், 1912-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சத்திரசிகிச்சையை 1923 வரை தள்ளிப்போட்டார். பதினொரு வருஷம்! கத்தி பட்ட பிறகு வேறு நிறங்கள் வந்துவிட்டால் என்ற பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஒக்டோபர் 11
சிநேகிதியின் பேத்தியின் அரங்கேற்றம். வர்ணம் என்ற நீண்ட உருப்படிக்குப் பிள்ளை மயில்நீல உடுப்போடு வந்தாளாம், பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்குக் கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டேன். நட்டுவாங்கமும் மிருதங்கமும் சலங்கையும் ஒன்றாக வந்து விழுந்த ஒவ்வொரு இடத்திலும் உடம்பு சிலிர்த்தது. தீர்மான அடவுகள் முடிந்தபோது அழுதுவிட்டேன். எவ்வளவு சுத்தமான தாளம் அந்தப் பிள்ளைக்கு!

ஒக்டோபர் 15
சொட்டு மருந்து. நாளைக் காலை ஏழு மணி.

ஒக்டோபர் 17
மூடியை எடுத்துவிட்டார்கள். சுவர் வெள்ளை. நீலம் ஓடுகிற வெள்ளை! வலது கண்ணைப் பொத்தினால் அதே சுவர் பழுப்பு. மாறி மாறிப் பொத்திக்கொண்டே இருக்கிறேன். "கண்ணைக் களைக்கப் பண்ணாதையும்" என்று இவர் சத்தம் போடுகிறார்.

ஒக்டோபர் 19
இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அல்கொன்குயின் படங்களைத் திறந்தேன். மாதுளம்முத்துத்தான். நரம்போரங்களில் ஊதாவும் இருக்கிறது, அதை மகள் சொல்லவில்லை.

பிறகு போன குளிர்காலத்துக் கன்வஸ்களைச் சுவரோடு சாய்த்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். பனியெல்லாம் கடும் நீலம். எனக்குத் தெரியும்வரை பூசிப் பூசி ஏற்றிய நீலம். "திருத்தலாம்தானே அம்மா" என்றாள். மாட்டேன். எனக்குப் பனி அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஒக்டோபர் 22
குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. ட்ரைபொட்டை மகள் காவி வந்தாள். ரொறன்ரோ ஓரத்து ரூஜ் பூங்காவில் மேப்பிள்கள் இன்னும் சிவந்து நின்றன. கமராவை வெளியே எடுக்கவில்லை. முதலில் நான் பார்க்கவேண்டும்.

ஒக்டோபர் 23
இடது கண்ணுக்கு நவம்பர் 13. அதற்குள் டமராக் மரங்களைப் பிடிக்கவேண்டும். ஊசியிலை மரம்தான், ஆனாலும் பொன்னாகிக் கொட்டிவிடும். மகளுக்குச் சனிக்கிழமை வேலை, ஞாயிறு பார்க்கலாம் என்கிறாள். ஒரே மரத்தை இரண்டு தரம் கீறப்போகிறேன், வலது கண்ணால் ஒன்று, இடது கண்ணால் ஒன்று. அந்த இடது கண் இன்னும் மூன்று கிழமைதான். ஒரே அளவில் இரண்டு கன்வஸ் வாங்கவேண்டும்.