இடது பக்க புஷ் ஏறிவிட்டது, இரண்டாவது தடவையில்

மூன்று வாரமாக ஜாக்கி ஸ்டாண்டில் நின்ற வேன் நேற்று சாயங்காலம்தான் தரையில் இறங்கியது. சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கிற கீழ்க் கை, அதாவது லோயர் ஆர்ம், இடது பக்கத்தில் அதன் முன் புஷ், பின் புஷ் இரண்டும் புதுசு. புஷ் என்றால் இரண்டு இரும்புக் குழல்களுக்கு (உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவ்) நடுவே ரப்பர் வைத்த உருளை, அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் மூன்று முறை போய் வந்தேன், சத்தம் இல்லை. வலது பக்கம் இன்னும் பாக்கி. அதற்கு முன் இந்த இடது பக்கத்தில் நான் பண்ணிய கூத்தை எழுதிவிடுகிறேன்.

வண்டி 2015 நிஸான் இ-என்வி200, மின்சார வேன், 24 கிலோவாட்-அவர் பேட்டரி. லண்டனில் மாவு வியாபாரத்துக்கு என்று செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இட்லி மாவு, தோசை மாவு டப்பாக்களோடு தினமும் க்ராய்டன் பக்கம் சுற்றுகிறது. போன எம்ஓடி சோதனையிலேயே (இங்கே வண்டிகளுக்கு வருஷா வருஷம் நடக்கும் தகுதிச் சோதனை) சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது, ஆனால் அளவுக்கு மீறிய ஆட்டம் இல்லை என்று அட்வைசரி, அதாவது முன்னெச்சரிக்கைக் குறிப்பு, போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஃபெயில் இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன். டீசல் வண்டியாக இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் காதில் விழுந்திருக்காது. இதில் இஞ்சின் சத்தம் கிடையாது, அதனால் முன்னால் வருகிற ஒவ்வொரு 'டொக்'கும் நேராக மண்டைக்குள் வருகிறது. அதுவும் மேடு பள்ளத்தில் மட்டும் இல்லை. பி மோடில் (காலை எடுத்ததும் மோட்டாரே கூடுதலாக பிரேக் பிடிக்கிற கியர் நிலை) போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஒரு டொக், மறுபடி மிதித்தால் ஒரு டொக். மிதிக்கும்போது சக்கரம் ஆர்மை முன்னால் தள்ளும், விட்டால் மோட்டாரே பிரேக் பிடித்துப் பின்னால் இழுக்கும். 254 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) எடுத்த எடுப்பிலேயே வருகிற மோட்டார். சிக்னலுக்கு சிக்னல் இப்படி முன்னும் பின்னும் ஆட்டினால் கிழிந்த ரப்பர் பேசத்தானே செய்யும்.

முழு ஆர்மையே மாற்றியிருக்கலாமே, பால் ஜாயின்டும் (ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கிற குண்டு மூட்டு) சேர்ந்து வருமே என்று கேட்பீர்கள். வலது பக்கம் அதைத்தான் செய்தேன். இணையத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது. 14 மாதம் ஆகிறது, பின் புஷ்ஷில் ஒரு ஓரம் ஏற்கெனவே விண்டிருக்கிறது. கழற்றிய ஒரிஜினல் ஆர்மைத் தூக்கிப் போடாமல் ஷெட்டில் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இடது பக்க ஒரிஜினல் ஆர்ம் இரும்பு நன்றாகத்தான் இருக்கிறது, பால் ஜாயின்டிலும் ஆட்டம் இல்லை. ரப்பர் மட்டும்தான் போச்சு. அதனால் இந்த முறை நல்ல புஷ் வாங்கி நானே பிரஸ் போட்டு ஏற்றுவது என்று முடிவு.

கழற்றிய கதை வேண்டாம், உப்புப் போட்ட ரோட்டில் ஒன்பது குளிர்காலம் ஓடிய வண்டி எப்படிக் கழலும் என்று இங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஒரு போல்ட் புஷ்ஷின் உள் ஸ்லீவோடு ஒட்டிப்போய் ரம்பத்தால் அறுத்துத்தான் வந்தது. மின்சார வண்டி என்பதால் ஒன்றே ஒன்று: பேட்டரி வேனின் தளத்துக்குக் கீழேதான் இருக்கிறது, அதன் பெட்டியில் ஜாக்கி வைத்துவிடாதீர்கள். ஓரத்தில் அதற்கான இடம் இருக்கிறது. ஆரஞ்சு நிற கேபிள் (உயர் மின்னழுத்தம் ஓடுவது) எதையும் இந்த வேலைக்குத் தொட வேண்டியதே இல்லை.

இப்போது பின் புஷ். முன் புஷ் சின்னது, உருண்டை, எந்தப் பக்கம் திருப்பி ஏற்றினாலும் ஒன்றுதான். பின் புஷ் அப்படி இல்லை. ரப்பருக்குள் எதிரெதிராக இரண்டு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள், அவரைவிதை வடிவத்தில். அந்த வெற்றிடம் இருக்கும் திசையில் புஷ் மெத்தென்று அமுங்கும், குறுக்கே கெட்டியாக நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இடிக்கும்போது கொஞ்சம் பின்வாங்க இடம் வேண்டும், ஆனால் வளைவில் பக்கவாட்டில் அசையக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆக வெளி ஸ்லீவ் ஆர்மின் கண்ணுக்குள், அதாவது புஷ் உட்காரும் வட்டத் துளைக்குள், எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

இது தெரிந்தேதான் ஆரம்பித்தேன். பழைய புஷ்ஷை எடுக்கும் முன்பே வெற்றிடத்துக்கு நேராக ஆர்மில் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டேன். ஃபோட்டோவும் எடுத்தேன், அதில் என் கட்டைவிரல் தெளிவாக இருக்கிறது. அப்புறம் ரப்பரை டிரில் போட்டுக் கிழித்து, உள் ஸ்லீவைத் தட்டி எடுத்து, வெளி ஸ்லீவை ஹாக்ஸா பிளேடால் உள்ளேயிருந்து ஒரு கோடு அறுத்து (ஆர்மைத் தொடுவதற்கு ஒரு முடி அளவு முன்னால் நிறுத்த வேண்டும், இதற்கே முக்கால் மணி நேரம்), உளியால் மடக்கி வெளியே எடுத்தேன். பிரமாதமாக வந்தது. அந்த சந்தோஷத்தில் பிரேக் கிளீனர் ஸ்பிரேயை எடுத்து ஆர்மை மேலும் கீழும் பளபளவென்று கழுவினேன். பெயின்ட் மார்க்கர் கோடும் பளபளவென்று போய்விட்டது.

சரி, ஷெட்டில்தான் பழைய வலது ஆர்ம் இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். பால் ஜாயின்ட் என்னைப் பார்க்கிற மாதிரி இரண்டையும் வைத்து, கடிகாரம் பார்ப்பது போலப் பார்த்தேன். வலதில் வெற்றிடம் 2 மணி திசையில். இடதிலும் 2 மணிக்குக் கோடு கிழித்து ஏற்ற ஆரம்பித்தேன்.

ஏற்றியதே தனிக் கதை. முதலில் 16 மி.மீ. த்ரெட் ராடும் இரண்டு நட்டும் வைத்து இழுத்துப் பார்த்தேன். கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற ராட் மிருதுவான இரும்பு. பாதி வழியில் நட்டும் மரையும் ஒன்றையொன்று தின்றுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டன. இதற்கு ஹை டென்சைல் போல்ட்டும் நடுவில் ஒரு த்ரஸ்ட் பேரிங்கும் இருந்தால்தான் ஆகும். கடைசியில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து 12 டன் ஹைட்ராலிக் பிரஸ் வந்தது. அதற்கும் கீழே தாங்கு குழாய் வேண்டும். சாரக் குழாய் ஒரு துண்டு கிடந்தது, ஆனால் அது 48.3 மி.மீ. தான், என் புஷ் 60க்கு மேல். இரண்டரை இஞ்ச் தண்ணீர்க் குழாய் வெளியளவு 76.1, உள்ளே புஷ் தாராளமாகப் போகும், விளிம்பு ஆர்மின் கண்ணில் நன்றாக உட்காரும். ஒரு பிளம்பரிடம் கேட்டு வாங்கிய அரை அடித் துண்டு, இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த கருவி இதுதான். மேலே தள்ளும்போது வெளி ஸ்லீவை மட்டும்தான் தள்ள வேண்டும், உள் ஸ்லீவில் அழுத்தினால் ரப்பர் பிய்ந்துவிடும்.

நாமக்கல்லில் மாமா முப்பது வருஷம் லாரிகளுக்குக் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை பார்த்தவர். வீடியோ காலில் அவர் சொன்னது: "மாப்ளே, புஷ்ஷ ஃப்ரீசர்ல வைய்யி." வைத்தேன், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில், மூன்று பாலிதீன் கவர் சுற்றி, மனைவிக்குத் தெரியாமல். அதனால் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 60 மி.மீ. இரும்பு 20 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்குப் போனால் 0.03 மி.மீ. கூடச் சுருங்காது. என் காலிப்பரில் ஸ்லீவுக்கும் கண்ணுக்கும் கால் மி.மீ. வித்தியாசம் காட்டியது. பத்தில் ஒரு பங்குதான் லாபம். இருந்தாலும் மாமா கேட்பாரே என்று வைத்தேன். உண்மையில் உதவியது கண்ணின் விளிம்பை அரத்தால் லேசாக உடைத்துவிட்டதும், பாத்திரம் கழுவும் சோப்பு நீரும்தான். கிரீஸ், எண்ணெய் பக்கமே போகாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

ஏறியது. நேராக, சாயாமல், கடைசிவரை. பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டு இரண்டு ஆர்மையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னங்க, ரெண்டும் ஒரே கால் செருப்பு மாதிரி இருக்கு?" என்றாள்.

ஆமாம். வலது ஆர்ம் இடதின் கண்ணாடி பிம்பம். வலதில் 2 மணி என்றால் இடதில் 10 மணி. பார்த்த கடிகாரத்தை அப்படியே காப்பி அடித்திருக்கிறேன். ஒன்றிரண்டு டிகிரி தவறினால் விட்டுவிடலாம், இது எந்தக் கணக்கிலும் சேராது. திருப்பி வெளியே தள்ளினேன். வரும்போது ஸ்லீவ் ஒரு பக்கம் நெளிந்து ரப்பரும் விட்டுவிட்டது. புது புஷ் குப்பைக்கு. அடுத்தது வர நாலு நாள், அதிலும் முதல் பார்சலில் வேறு வண்டி புஷ்ஷை அனுப்பிவிட்டார்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டால்தான் சரியானது வருகிறது, படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அதுவரை மாவு டப்பாக்கள் எல்லாம் மச்சானின் சின்னக் காரில், பின் சீட்டில் பெல்ட் போட்டு.

மாமாவிடம் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. "மார்க்கர்லாம் எவன்டா போடுவான், உளியால ஒரு கொத்து கொத்து, அது எங்க போகும்? அந்த வலது ஆர்ம தோசையத் திருப்புற மாதிரி திருப்பிப் போட்டுப் பாரு, அப்ப ரெண்டும் ஒண்ணா நிக்கும்." திருப்பிப் போட்டேன். ஒன்றாகத்தான் நின்றது. உளியால் மூன்று கொத்து, ஒன்று போதாதா என்றால் போதாது, எனக்கு மூன்று வேண்டும்.

இரண்டாவது தடவை இருபது நிமிஷத்தில் ஏறிவிட்டது.

மாட்டும்போது ஒரு விஷயம். ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். அந்த மலிவு ஆர்ம் 14 மாதத்தில் போனதற்குப் பாதிக் காரணம் நானாகவே இருக்கலாம், அப்போது எனக்கு இது தெரியாது. இந்த முறை கழற்றும் முன்பே சக்கர ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து, டேப்பிலேயே பேனாவால் குறித்துக்கொண்டேன். அப்புறம் பால் ஜாயின்டுக்குக் கீழே ஜாக்கி வைத்து அதே அளவுக்குத் தூக்கி, அந்த நிலையில்தான் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு இறுக்கினேன்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) புஷ் போட்டிருக்கலாமே என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். கீச்சு கீச்சு என்று சத்தம் போடும், இந்த வண்டியில் அதுவும் காதில் விழும். வேண்டாம்.

அடுத்து வலது பக்கம். ஷெட்டில் இருக்கும் ஒரிஜினல் ஆர்மிலேயே புது புஷ் ஏற்றி மலிவு ஆர்மைக் கழற்றிவிட வேண்டும், உளிக்கொத்து நேற்றே போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் வீல் அலைன்மென்ட், இப்போது செய்தால் இரண்டு முறை காசு. ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது, பொறுத்துக்கொள்கிறேன். நேற்று வீடியோ காலில் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டியபோது மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "கரண்டு வண்டியிலயும் கமான் பட்டையா?" ஆமாம், பின்னால் கமான் பட்டைதான். கேமராவைக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லி, கண் புஷ்ஷைக் காட்டச் சொல்லி, அதுவும் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். எனக்குப் பார்க்க நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் இப்போதெல்லாம் தினமும் காலையில் கூப்பிட்டு எப்போது கழற்றப் போகிறாய் என்று கேட்கிறார்.