ஜெர்மனில வலது பக்கம் ஓட்டுன கதை: ஐடிபில ஆரம்பிச்சு நூர்பர்க்ரிங் வரைக்கும்

விசா கதைய விட்டுடறேன், அத எழுத நெறைய பேரு இருக்காங்க. ஜெர்மனி போயி கொஞ்சம் பவரான வண்டிய வாடகைக்கு எடுத்து ஆட்டோபான்ங்கற அவங்க எக்ஸ்பிரஸ்வேலயும் நூர்பர்க்ரிங்ங்கற ரேஸ் ட்ராக்லயும் ஓட்டணும்னா என்னென்ன வேலை இருக்குங்கறத மட்டும் சொல்றேன். போயிட்டு வந்ததுல இருந்து எல்லாரும் கேக்கற மொத கேள்வி "ரைட் சைடுல ஓட்டறது கஷ்டமா இல்லையா"ன்னுதான். சைடு சீக்கிரம் பழகிருதுங்க. கடைசி வரைக்கும் என்னைய வேலை வாங்குனது கண்ணாடிதான், ரியர்வியூ கண்ணாடி, அதுக்கு அப்பறம் வர்றேன்.

மொதல்ல பேப்பர் வேலை. ஐடிபிங்கற இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்ட சாரதி பரிவாஹன் சைட்டுலயே அப்ளை பண்ணலாம், ஃபீஸ் 1000 ரூபா, 1 வருஷம் செல்லும். பாஸ்போர்ட், நம்ம லைசென்ஸ், சைட்டுல கேக்கற மத்த காப்பி, அவ்ளோதான், ஏஜென்ட்டுக்கு காசு அழுகறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல. கைக்கு வர்றது ஒரு சின்ன புக்கு, அது தனியா செல்லாது, ஒரிஜினல் லைசென்ஸ் கார்டும் கூடவே இருக்கணும், டிஜிலாக்கர் ஸ்க்ரீன கவுண்டர்ல நீட்டுனா சிரிப்பாங்க. அங்கயே குடியிருக்கறவங்களுக்கு வேற கணக்கு, 6 மாசத்துக்கு மேல நம்ம லைசென்ஸ் செல்லாது. என் சித்தப்பா பையன் ஃபிராங்க்ஃபர்ட்ல படிக்கறான், அவனுக்கு அந்த 6 மாசம் எப்பவோ தாண்டிருச்சு, ஜெர்மன் லைசென்ஸ் எடுக்க ஆகற செலவ கேட்டுட்டு ட்ரெயின்லயே சுத்திட்டு இருக்கான், ஆனா தியரி எக்ஸாமுக்கு மட்டும் புக்க கரைச்சு குடிச்சு வச்சிருக்கான். அதனால ஸ்டியரிங் முழுக்க என் கைல, ரூல்ஸ் முழுக்க அவன் வாயில.

வாடகை கம்பெனிகள்ல பவர் வண்டிக்கு தனி கேட்டகிரி வச்சிருக்காங்க, அதுக்கு வயசு 25 ஆகணும், சில இடத்துல 30 கேக்கறாங்க, புக் பண்றதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. டிரைவர் பேர்லயே கிரெடிட் கார்டு வேணும், டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் டெபாசிட்டுக்கு ஆகாது, நமக்கு இங்க லிமிட் கம்மியா இருந்தா கெளம்பறதுக்கு முன்னாடியே பேங்க்ல பேசி ஏத்திக்கணும். நீங்க ஒரு மாடல பாத்து புக் பண்ணாலும் "அல்லது அது மாதிரி"ன்னு ஒரு வரி இருக்கும், அந்த வரிய நம்பித்தான் போகணும். எனக்கு அதிர்ஷ்டம், பிஎம்டபிள்யூ எம்240ஐயே கெடச்சுது. 3 லிட்டர் ஸ்ட்ரெயிட் சிக்ஸ் இன்ஜின், 374 குதிரை, ஊர்ல நான் வச்சிருக்கறது 105 குதிரை போலோ ஜிடி, அவ்ளோ சொன்னா போதும்னு நெனைக்கறேன்.

போனது அக்டோபர். அங்க அக்டோபர்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் வின்டர் டயர் போடற பழக்கம், இந்த வண்டிலயும் போட்டிருந்தாங்க, டாஷ்போர்டுல 240னு ஒரு சின்ன ஸ்டிக்கர். வண்டியோட டாப் ஸ்பீட விட டயரோட ரேட்டிங் கம்மின்னா டிரைவர் கண்ணுல படற மாதிரி அந்த ஸ்டிக்கர் ஒட்டியே ஆகணுமாம். வண்டி எலெக்ட்ரானிக் லிமிட்டர்ல 250 போகும், டயருக்கு 240தான். ஊர்ல டயர் மொட்டையா இருக்கான்னு பாக்கவே ஆளு இல்ல.

இப்ப சைடு விஷயம். இண்டிகேட்டர்னு நெனச்சு வைப்பர போடுவேன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே எல்லாரும் கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க. மாருதி, ஹூண்டாய் ஓட்டறவங்களுக்கு அது நடக்கும், ஏன்னா அதுல இண்டிகேட்டர் வலது கைல இருக்கு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா ஓட்டறவங்களுக்கு இங்கயே இடது கைதான், அங்க போனாலும் இடது கைதான், அதுல எனக்கு வேலையே இல்ல. பெடல் வரிசையும் மாறாது. மாறுறது வண்டியோட அகலம் எந்தப் பக்கம் நீளுதுங்கறது. நம்ம மூளைக்கு வண்டி முழுக்க நமக்கு இடது பக்கம்தான் இருக்குன்னு பதிஞ்சு போயிருக்கு, அங்க அது வலது பக்கம் நீண்டு இருக்கு, அதனால வண்டி தன்னால வலது ஓரத்துக்கு ஒட்டிக்கிட்டே போகும், பக்கத்துல உக்காந்திருக்கறவன் கால மடக்கிக்குவான். இதுக்கு ஒரே வழி, நம்ம ஊருலயும் சரி அங்கயும் சரி டிரைவர் உக்கார்ற எடம் நடுக்கோட்டுப் பக்கம்தான், இடது தோளுக்கு நேரா நடுக்கோடு இருக்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டா வலது பக்கம் தானா சரியாயிடும். ஏர்போர்ட் பார்க்கிங்க விட்டு வெளிய வந்ததும் ஒரு இன்டஸ்ட்ரியல் ஏரியாக்குள்ள போயி அரை மணி நேரம் சும்மா சுத்துனோம், அது ரொம்ப உதவுச்சு.

டிராஃபிக் இருக்கற எடத்துல தப்பான சைடுக்கு போகவே முடியாது, முன்னாடி போறவன் பின்னாடியே போயிடுவோம். காலியா இருக்கற ரோடுதான் ஆபத்து, முக்கியமா பெட்ரோல் பங்க்ல இருந்து வெளிய வர்றப்ப. அப்பறம் ரவுண்டானா, அங்க எதிர்ச்சுத்து, இடது பக்கத்துல இருந்து உள்ள சுத்தி வர்றவனுக்கு வழி விடணும். தெருவுக்குள்ள போர்டு எதுவும் இல்லாத ஜங்ஷன்ல வலது பக்கத்துல இருந்து வர்றவனுக்கு முதல் உரிமை, அது சந்து மாதிரி இருந்தாலும் அவன் கண்ண மூடிட்டு வருவான். மஞ்ச கலர்ல சாய்சதுர போர்டு இருந்தா நம்ம ரோடுதான் மெயின்னு அர்த்தம். மஞ்ச கலர்ல ஊர் பேர் போர்டு வந்தா அந்த போர்டுலயே 50 ஆரம்பிச்சிருது, தனியா எழுத மாட்டாங்க. இதெல்லாம் தம்பி ஒப்பிச்சுக்கிட்டே வந்தான்.

ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ட ஒட்டி ஏ5 ஆட்டோபான் போகுது. அங்க இருந்து டார்ம்ஸ்டாட் போற நீளத்துலதான் 1938 ஜனவரி 28ஆம் தேதி ரேஸ் டிரைவர் கராச்சியோலா மெர்சிடிஸ்ல 432 கிலோமீட்டர் ஸ்பீட தொட்டாரு, அதே நாள்ல அத முறியடிக்க ஆட்டோ யூனியன்ல போன ரோஸ்மையர் செத்துப் போனாரு. பொது ரோடுல அந்த ரெக்கார்டு 2017 வரைக்கும் நின்னுச்சு. நாங்க போனது வேற திசைல, மைன்ஸ் தாண்டி ஏ61 பிடிச்சு கோப்லென்ஸ் பக்கம். கெளம்புனது ஞாயித்துக்கெழமை காலைல, வேணும்னேதான், ஏன்னா ஞாயித்துக்கெழமை ராத்திரி 10 மணி வரைக்கும் 7.5 டன்னுக்கு மேல இருக்கற லாரிகளுக்கு தடை. ஏ61 பெரும்பாலும் ரெண்டு லேன்தான், வாரநாள்ல லாரி வரிசை கட்டி நிக்கும், அங்க நீங்க ஃபெராரி வச்சிருந்தாலும் லாரி லாரிய ஓவர்டேக் பண்ற வரைக்கும் பின்னாடி காத்துக்கெடக்கணும்.

ஆட்டோபான் முழுக்க லிமிட் இல்லன்னு நெனைக்காதீங்க, 120, 100னு போர்டு மாறிக்கிட்டே வரும், வேலை நடக்கற எடத்துல 80, 60. வெள்ளை வட்டத்துல சாய்வா கோடு போட்ட போர்டு வந்தாத்தான் தடை எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பவும் 130 பரிந்துரை வேகம், அதுக்கு மேல போறது குத்தமில்ல, ஆனா ஆக்ஸிடெண்ட் ஆச்சுன்னா உங்க மேல தப்பே இல்லாட்டியும் பங்கு வந்து சேரலாம். வலது பக்கமா ஓவர்டேக் பண்ணா 100 யூரோ ஃபைனும் டிரைவிங் ரெக்கார்டுல 1 பெனால்டி பாயிண்ட்டும். டிராஃபிக் ஜாம் ஆனா எல்லாரும் ரெண்டு ஓரமும் ஒதுங்கி நடுவுல ஆம்புலன்ஸுக்கு சந்து விடணும், விடலைன்னா 200 யூரோவுல ஆரம்பிக்குது. கேமராவ காட்டிக் குடுக்கற ஆப்ப ஓட்டறவன் யூஸ் பண்ணக் கூடாது.

மொத தடவ அந்த வெள்ளை போர்டு வந்தப்ப 120ல இருந்து மிதிச்சேன். அந்த சிக்ஸ் சிலிண்டர் சத்தம் 4000 ஆர்பிஎம்முக்கு மேல கெட்டியாகுது, 160, 180 எல்லாம் கண் சிமிட்டறதுக்குள்ள, 200 தாண்டுனதும் ரோடு மெலிஞ்சு போன மாதிரி தெரியுது, லேசான வளைவுன்னு நெனச்சதெல்லாம் நெஜமான வளைவா வருது. ரோட்டோரத்துல வெள்ளைக் கட்டை நட்டு வச்சிருக்காங்க, 50 மீட்டருக்கு ஒண்ணு, ஸ்பீடோமீட்டர்ல காட்டறதுல பாதிய மீட்டர்ல இடைவெளியா விடணும்ங்கறது அவங்க கணக்கு, அப்ப 200க்கு ரெண்டு கட்டை தூரம். நானும் எண்ணிக்கிட்டே முன்னாடி மட்டும் பாத்துட்டு போறேன், பக்கத்துல இருந்து "ணா, கண்ணாடி ணா, கண்ணாடி!"ன்னு சத்தம். பாத்தா ஒரு ஆடி ஆர்எஸ்6 ஸ்டேஷன் வேகன், கொஞ்சம் முன்னாடி புள்ளியா இருந்தது இப்ப முழு கிரில்லா நிக்குது. வலது லேனுக்கு ஒதுங்குனேன், பின் சீட்ல குழந்தை சீட்டோட குடும்பமா போறாங்க.

நம்ம ஊருல பின்னாடி வர்றவன கண்ணால பாக்கறதில்ல, காதாலதான் பாக்கறோம், ஹாரன் அடிச்சா இருக்கான், அடிக்கலைன்னா இல்ல. சைடு மிரர மடக்கி வச்சுட்டு அவிநாசி ரோடுல போறவங்க எத்தன பேரு. அங்க ஹாரன் சத்தமே கேக்காது, பின்னாடி இருந்து வர்ற நியூஸ் முழுக்க கண்ணாடிலதான் வரும், நீங்க 130ல போய் லாரிய தாண்டறதுக்கு இடது லேனுக்கு வர்றப்ப பின்னாடி ஒருத்தன் 230ல வந்தா ரெண்டு பேருக்கும் வித்தியாசமே 100, வினாடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் நெருங்கறான். அதனால முன்னாடி மூணு பார்வைன்னா பின்னாடி ஒரு பார்வைங்கற கணக்குக்கு தலைய மாத்தணும். சாயங்காலத்துக்குள்ள கழுத்து வலிச்சுது, ஆனா அதுக்கப்பறம்தான் வண்டிய ரசிச்சு ஓட்டவே முடிஞ்சுது, நிம்மதியா மிதிக்கலாம், நிம்மதியா ஒதுங்கலாம், ஒதுங்கறதுல அங்க யாருக்கும் ரோஷமே இல்ல.

அடுத்தது நூர்பர்க்ரிங். ஏர்போர்ட்ல எடுத்த வாடகை வண்டிய அதுக்குள்ள கொண்டு போகக் கூடாது, கான்ட்ராக்ட்லயே எழுதியிருக்கும், இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. நூர்பர்க் ஊருக்குள்ளயே ட்ராக்குக்குன்னு தயார் பண்ண வண்டிய வாடகைக்கு விடற கடைங்க இருக்கு, ரோல் கேஜ், பக்கெட் சீட், பெல்ட் எல்லாம் போட்டு. நான் எடுத்தது சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர், 136 குதிரை, 6 கியர் மேனுவல். ஜெர்மனி வரைக்கும் போயி ஸ்விஃப்ட்டாடான்னு ஊருல இன்னும் சிரிக்கறாங்க, சிரிக்கட்டும். கியர் வலது கைல வர்றது மட்டும் புதுசு, கடைக்கு பின்னாடி இருந்த சின்ன ரோடுல ரெண்டாவது மூணாவது மாத்தி மாத்தி கைய பழக்கிட்டுத்தான் கெளம்புனேன்.

நார்ட்ஷ்லைஃபே, அதாவது நூர்பர்க்ரிங்கோட பழைய நீளமான ட்ராக்கு, 20.8 கிலோமீட்டர், நம்ம கோயமுத்தூர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ட்ராக்கு மாதிரி கிட்டத்தட்ட பத்து மடங்கு நீளம். 1927ல தெறந்தது. 1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி பெர்க்வெர்க் வளைவு பக்கத்துல ஃபார்முலா 1 டிரைவர் நிக்கி லாடா தீக்குள்ள மாட்டுனதுக்கு அப்பறம் ஃபார்முலா 1 அங்க திரும்பவே இல்ல. பொதுமக்களுக்கு தெறந்து விடற நேரத்துல அது ரேஸ் ட்ராக் இல்ல, காசு கட்டிப் போற ஒன்வே ரோடு, சாதா டிராஃபிக் சட்டம்தான். வாரநாள்ல பெரும்பாலும் சாயங்காலம் மட்டும், சனி ஞாயிறு முழு நாளு, ஆனா காலண்டர பாக்காம போகாதீங்க. டைம் எடுக்கக் கூடாது, வீடியோ எடுக்கக் கூடாது. ஓவர்டேக் இடது பக்கம் மட்டும், பின்னாடி வேகமா வண்டி வந்தா வலது இண்டிகேட்டர் போட்டு வலது ஓரமா ஒதுங்கணும். ஆயில் கொட்டுனாலோ இரும்புத் தடுப்ப இடிச்சாலோ அத மாத்தற செலவு உங்க தலைல, ட்ராக்க மூடி வச்ச நேரத்துக்கும் சேத்து.

டோட்டிங்கர் ஹோஹே கேட்ல கார்ட தேச்சு உள்ள போனதும் ரோடு கீழ இறங்கி ஹாட்ஸன்பாக்ல இடது வலதுன்னு ஆட்டி எடுக்குது, ஃப்ளூக்பிளாட்ஸ்ல மேடு ஏறி அந்தப்பக்கம் என்ன இருக்குன்னே தெரியாது, ஃபுக்ஸ்ரோஹரேல சரிவுல இறங்கி அடில வண்டி நசுங்கி மறுபடி ஏறுது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 300 மீட்டர் கிட்ட வித்தியாசம். கருசெல்ங்கற வளைவுல கான்கிரீட் சரிவுக்குள்ள இடது சக்கரத்த எறக்கிட்டா பல்லு எல்லாம் ஆடுது, வெளிய வர்ற வரைக்கும் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்கறத தவிர வேற வழியில்ல. ஆரம்பத்துல காஞ்ச ரோடு, அடெனாவ் பக்கம் எறங்குனா ஈரம், ஐஃபல் மலைல அப்படித்தான். இது அத்தனையும் நடக்கறப்ப பின்னாடி போர்ஷ் ஜிடி3 வரிசையா வந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு வளைவு முடிஞ்சதும் கண்ணாடி, இண்டிகேட்டர், ஒதுங்கு, மறுபடி மிதி. ஆட்டோபான்ல கழுத்த பழக்கி வச்சது இங்கதான் காப்பாத்துச்சு. அடுத்தடுத்த லேப்ல ஸ்விஃப்ட்ட முழுசா மிதிச்சு ஓட்டறேன், மிதிச்சாலும் வண்டி நம்மள மீறிப் போகாது, இதுலயே 374 குதிரை இருந்திருந்தா பாதி நேரம் பிரேக்லயே கால் இருந்திருக்கும். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா அந்த பிஎம்டபிள்யூவும் ஆட்டோபானும் வேணாம், இந்த ஸ்விஃப்ட்டுக்கே போடுங்க.

வண்டிய திருப்பி விடறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள பங்க்ல டேங்க்க ஃபுல் பண்ணிடுங்க, ஆட்டோபான் பங்க்ல வெலை ஜாஸ்தி, பில்ல பத்திரமா வைங்க. 200க்கு மேல போனா முள்ளு எறங்கறது கண்ணுக்கே தெரியும், நடு ஆட்டோபான்ல பெட்ரோல் தீந்து நின்னா அதுக்கும் ஃபைன். எடுக்கறப்பவும் விடறப்பவும் நாலு சக்கரத்தையும் வீடியோ எடுத்துக்கோங்க, முக்கியமா வலது பக்க அலாய், நம்ம ஊர் லைசென்ஸ பாத்ததும் கவுண்டர்ல இருந்தவரு நேரா அங்கதான் குனிஞ்சாரு. டெபாசிட் பிளாக் ரிலீஸ் ஆக ரெண்டு மூணு வாரம் கூட இழுக்கும், ரிங் வண்டிக்கும் தனியா டெபாசிட் உண்டு, அதனால ரெண்டு கிரெடிட் கார்டா கொண்டு போங்க.