முதலில் வாட்டம், பிறகு வானம்

கடப்பாரையின் சத்தம் மாறியதைச் சமையலறை ஜன்னலில் நின்றபடியே கேட்டேன். மண்ணில் இறங்கும்போது வரும் மொத்தென்ற சத்தம் இல்லை. ஓடு உடைவதுபோல் ஒரு சத்தம். என் பக்கத்தில் அம்மா பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில், புதிய அறைக்குத் தோண்டிய வானத்துக்குள், அதாவது அஸ்திவாரக் குழிக்குள், சோப்பு நுரை மிதந்து வந்தது.

அம்மாவால் இனி மாடி ஏற முடியாது. அதனால் கீழ்த்தளத்தில், வீட்டின் பின்புறத்தை ஒட்டிக் குளியலறையோடு ஓர் அறை கட்ட முடிவு செய்தோம். வேலை முடியும்வரை வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால் அவர் ஒப்பவில்லை. எந்தச் சுவரை எங்கே பிடித்து நடப்பது என்று பழகிய வீட்டில்தான் அவருக்குத் தைரியம். அவர் சொல்வது நியாயம் என்றே எனக்கும் பட்டது. ஆகவே குடியிருந்துகொண்டே வேலை.

முதல் நாளே சுண்ணாம்புக் கோடு போட்டுத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று மேஸ்திரி கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்று உடைந்தது சமையலறைக் கழிவுநீர் போகும் பழைய சுட்டமண் குழாய். உடைந்த இடத்தில் ஒரு பி.வி.சி. துண்டை ரப்பர் வளையத்தோடு பொருத்தித் தற்காலிகமாக ஓட்டினோம். பிறகு இரண்டு நாள் வேலையை நிறுத்திவைத்தேன். கூலி போகிறதே என்று வீட்டில் சங்கடப்பட்டார்கள். அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டவைதான் இந்த வீட்டைக் காப்பாற்றின என்று இப்போதும் உறுதியாக நம்புகிறேன்.

செய்தது எளிய காரியம். ஒவ்வொரு குழாயடியிலும் துணிச்சாயம் கலந்த தண்ணீரை ஊற்றினோம். எந்த மூடியைத் திறந்தால் அந்த நிறம் தெரிகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டோம். குளியலறைத் தண்ணீர் பக்கவாட்டுச் சேம்பருக்கு (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் மூடியிட்ட தொட்டி) உடனே வந்தது. சமையலறைத் தண்ணீர் மட்டும் வெகுநேரம் கழித்து, நிறம் வெளுத்து, இழுத்து இழுத்து வந்தது. நடுவில் எங்கோ தங்குகிறது என்று அர்த்தம். சேம்பரிலிருந்து பிரம்பை நுழைத்துப் பார்த்தால் ஐந்தாவது மீட்டரில் முட்டியது. அந்த இடத்தில் தளக்கல்லைக் கடப்பாரையால் தட்டினோம். உள்ளே கூடாக இருந்த ஓசை. கல்லை எடுத்தால், எங்களுக்கே தெரியாத ஒரு செங்கல் சேம்பர். பாதிக்குமேல் எண்ணெய்க் கசடும் வேரும். அம்மாவின் கட்டில் வர வேண்டிய இடத்துக்கு நேர் கீழே.

“மூடியை இறுக்கி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் அம்மா, வெளியே தெரியவே தெரியாது” என்றார் மேஸ்திரி. நல்ல மனிதர், கொத்து வேலையில் அவர் கைக்கு ஈடு இல்லை. ஆனால் இதற்கு நான் சம்மதிக்கவில்லை. என்றாவது அடைத்துக்கொண்டால் படுக்கையறைத் தரையை உடைத்தா திறப்பது? சேம்பர் என்பதே திறந்து பார்ப்பதற்காகக் கட்டுவது.

எனவே குழாயை அறைக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நேராக 7 மீட்டர் இருந்த பாதை, சுற்றியதில் 12 மீட்டர் ஆனது. இங்கேதான் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, வந்து நின்றது. சமையலறைக் குழாய் சுவரைவிட்டு வெளியேறும் இடம் தரைக்குக் கீழே 40 செ.மீ.; குழாய் போய்ச் சேரும் பெரிய சேம்பரின் அடிமட்டம் 62 செ.மீ. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது 22 செ.மீ. மட்டுமே. இந்த 110 மி.மீ. குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் நிம்மதி. அதற்கு 12 மீட்டருக்கு 30 செ.மீ. இறக்கம் வேண்டும். நமக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐம்பத்தைந்துக்கு ஒன்று. அதிலும் ஓடும், ஆனால் பிசகாமல் பதிக்க வேண்டும். மீட்டருக்கு இரண்டு செ.மீ. கூட இல்லாத இறக்கத்தில், நடுவில் ஓரிடம் ஒரு செ.மீ. தாழ்ந்துவிட்டால் அங்கே குட்டை கட்டி, கசடு படியத் தொடங்கிவிடும்.

கண்ணால் பார்த்தே வாட்டம் சொல்லிவிடுவேன் என்றார் பிளம்பர். ரசமட்டத்தை வைத்தும் காட்டினார். அந்தச் சிறு ரசமட்டம் தன் நீளத்துக்குத்தான் உண்மை சொல்லும். 12 மீட்டருக்கு மட்டக்குழாய் வேண்டும்: தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ரப்பர் குழாய், உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல். மூன்று மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று பென்சிலால் குறித்து, நூல் கட்டினோம். அன்றைய பாதிப் பொழுது இதற்கே போயிற்று. குழாய்க்கு அடியில் 10 செ.மீ. சிறு ஜல்லி பரப்பி, கல் முனை எதுவும் குழாயில் படாதபடி சுற்றிலும் அதையே நிரப்பச் சொன்னேன். திரும்பும் இரண்டு இடங்களிலும் சேம்பர். புதிய குளியலறையிலிருந்து வரும் குழாயை ஒய் (Y வடிவ இணைப்பு) வைத்து, நீரோட்டம் போகும் திசையிலேயே சேர்த்தோம். அந்தக் குழாய் புதிய அஸ்திவாரச் சுவரைத் துளைத்து வெளியே வருகிறது. பிறகு சுவர் எழுப்பும்போது அங்கே குழாயைச் சுற்றி 5 செ.மீ. இடைவெளி விட்டு, மேலே சுவரின் பாரத்தைத் தாங்க ஒரு சிறு லிண்டல் போட்டார்கள். புதிய சுவர் மண்ணில் கொஞ்சம் அமரத்தான் செய்யும். குழாயைச் சிமெண்டில் இறுக்கிவிட்டால் சுவரோடு சேர்ந்து அதுவும் முறியும்.

மண் மூடுவதற்கு முன் சோதனை. இதில் யார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீழ் முனையை அடைத்து, மேல் முனையில் ஒரு குழாயை நிமிர்த்தி நிறுத்தித் தண்ணீர் நிரப்பினோம். மட்டத்தைக் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. தேடியதில் இரண்டாவது இணைப்பில் ஈரம். பசை தடவும்போது மணல் ஒட்டியிருக்கிறது. அறுத்துப் புதிதாக ஒட்டி, மறுநாள் மீண்டும் நிரப்பினோம். அசையவில்லை. அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்த பிறகே மூடச் சொன்னேன்.

இணைப்பை மாற்றிய நாள்தான் வீட்டுக்குக் கடினமான நாள். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளிருந்து இறங்கக் கூடாது. அம்மாவை அன்று தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். புதிய பாதை முழுவதும் தயாராகிச் சோதித்து முடிந்திருந்ததால்தான் ஆறு மணி நேரம் போதுமானதாக இருந்தது. பழையதை முதலில் வெட்டியிருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

அதற்குப் பிறகுதான் வானம் தோண்டும் வேலை மீண்டும் தொடங்கியது. பழைய சுவரை ஒட்டி வரும் பகுதியை ஒரே மூச்சில் திறக்க வேண்டாம் என்று பொறியாளர் சொல்லியிருந்தார்: ஒரு மீட்டர் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு அடுத்த துண்டு. பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. அடியில் கடைசி 15 செ.மீ. மண்ணைக் கான்கிரீட் போடும் நாள்வரை எடுக்காமல் விட்டிருந்தோம். மூன்றாம் இரவு மழை கொட்டியபோது அதன் அருமை தெரிந்தது. நனைந்து சேறானது எப்படியும் எடுக்க வேண்டிய மண்தான். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தோம், சேற்றை வழித்தோம், கெட்டி மண் தெரிந்தது. அந்த இரவு நான் டார்ச்சோடு பழைய சுவரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்ணைப் பற்றி ஒன்று. தோண்டிய மண் குழியில் இருந்ததைவிட கால் பங்கு கூடுதலாகப் பொங்குகிறது. பத்து கன மீட்டர் எடுத்தால் பன்னிரண்டரை அளவுக்குக் குவியல். பின்வாசல் வழியே நடமாட்டம் இருந்ததால், குவியலைக் குழி விளிம்பிலிருந்து தள்ளி, தார்ப்பாய் போட்டு வைத்தோம். குழியின்மேல் அகலப் பலகையும் இருபுறமும் கைப்பிடியும் அமைத்தார்கள். அம்மா அதில் ஒவ்வொரு நாளும் காலையில் நடந்துபோய், எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்.

தரை போடுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை பார்க்க ஆசைப்பட்டேன். அம்மா புதிய குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றினார். நான் பெரிய சேம்பரின் மூடியைத் திறந்து குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். 18 எண்ணுவதற்குள் தண்ணீர் வந்து சேர்ந்தது.

“வந்துவிட்டதா?” என்று ஜன்னல் வழியே கேட்டார்.

“வந்துவிட்டது அம்மா. இன்னொரு வாளி ஊற்றுங்கள்” என்றேன்.