ஸ்பவுஸ் விசாவில் இருப்பவர்கள் ஊருக்குப் போகலாமா?

லண்டன் ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போதுகூட யாராவது ஒரு புதுப்பெண் இதைக் கேட்டுவிடுகிறாள்: "அக்கா, வருஷத்துல 180 நாளுக்கு மேல ஊர்ல இருந்துட்டா பிஆர் கிடைக்காதாமே?" பிஆர் என்றால் பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. அது கிடைக்காமல் போய்விடுமோ என்ற இந்தப் பயத்திலேயே அப்பாவின் ஆபரேஷனுக்குப் போகாமல் வீடியோ காலில் அழுதவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாள் தாண்டக்கூடாது என்பது ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவில் வேலைக்கு வந்தவர்களுக்கான விதி. பிரிட்டிஷ் குடிமகனோ இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவரோ ஆன கணவரோடு வாழ ஸ்பவுஸ் விசாவில் வந்தவருக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் முதலில் 33 மாதம், அப்புறம் இங்கிருந்தபடியே எக்ஸ்டென்ஷன் 30 மாதம், ஐந்து வருஷம் முடியும்போது ஐஎல்ஆர், அதைத்தான் நாம் எல்லோரும் பிஆர் என்கிறோம். இந்த ஐந்து வருஷத்தில் ஹோம் ஆஃபீஸ், அதாவது பிரிட்டன் உள்துறை, பார்ப்பது, நீங்கள் இரண்டு பேரும் பிரிட்டனில்தான் சேர்ந்து வாழ நினைக்கிறீர்களா, வெளியே இருந்த நாட்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறதா என்பதைத்தான். விடுமுறை, வேலை, படிப்பு, வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள் எல்லாமே காரணம்தான். ஆனால் ஐந்தில் பாதிக்கு மேல் ஊரிலேயே கழிந்திருந்தால் "உங்கள் வீடு எது?" என்று கேட்கத்தான் செய்வார்கள், அது தப்பும் இல்லை.

என் அம்மாவுக்கு பைபாஸ் செய்தபோது நான் மதுரையில் மாதக்கணக்கில் இருந்தேன். போனில் ஆலோசனை சொன்ன ஒருவர், போனால் ஐந்து வருஷமும் முதலிலிருந்து எண்ணப்படும் என்று அடித்துச் சொன்னார். சட்டத்தில் அப்படி எங்கேயும் இல்லை என்று விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டரின் கடிதம், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்தேன். விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம், அதில் எப்போது போனேன், ஏன் போனேன், யார் கூட இருந்தார்கள் என்று நேராக எழுதினேன். வந்து போன தேதிகளைத் தேடுவதுதான் பெரிய பாடு. இங்கே திரும்பி வரும்போது பல தடவை ஸ்டாம்ப் அடிப்பதே இல்லை, சென்னை ஏர்போர்ட்டில் குத்திய ஸ்டாம்ப்போ பாதி மசி மட்டும் பட்டு, 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் இருக்கும், கடைசியில் பழைய டிக்கெட் ஈமெயிலைத் தோண்டித்தான் சரிபார்த்தேன். நீங்கள் போய் வந்த அன்றே ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஊரில் இருக்கும்போதும் இங்கே உங்கள் பெயருக்குத் தபால் வந்துகொண்டே இருக்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்றாக, இரண்டு வருஷத்துக்குப் பரவலாக, மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்தாவது வந்த ஆறு கடிதங்கள் கேட்கிறார்கள். கவுன்சில் டாக்ஸ், கரன்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், தண்ணீர் பில் எல்லாம் இரண்டு பேர் பெயரிலும் வந்தால் வேலை சுலபம். எல்லாமே வீட்டுக்காரர் பெயரில்தான் என்று இருக்கிற வீடுகளில் பெண்கள்தான் தவிக்கிறார்கள். வந்த முதல் மாதமே உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

எண்ணிக்கை நிஜமாகவே முக்கியமாவது குடியுரிமைக்குத்தான். கணவர் பிரிட்டிஷ் குடிமகன் என்றால் ஐஎல்ஆர் வந்தவுடனே விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருஷத்தில் வெளியே இருந்தது 270 நாளுக்குள், கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்குள் இருக்க வேண்டும். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது. விண்ணப்பம் போய்ச் சேரும் தேதிக்குச் சரியாக மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இந்த நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஊரில் நீண்ட நாள் இருந்தவர்கள் ஐஎல்ஆர் கையில் வந்ததும் அவசரப்படாமல் கொஞ்சம் காத்திருந்து போட்டால் போதும், பழைய நாட்கள் தானாகக் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

எக்ஸ்டென்ஷனுக்கோ ஐஎல்ஆருக்கோ போட்டுவிட்டு, முடிவு வருவதற்குள் மட்டும் எந்தக் காரணத்துக்கும் விமானம் ஏறாதீர்கள். இந்தியாவோ பாரிஸோ, பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த பகுதியைத் தாண்டினாலே விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். ஊரில் கல்யாணமோ வளைகாப்போ இருந்தால் அதை முடித்துக்கொண்டு வந்து, விசா தீர்வதற்கு முன்னால் போடுங்கள். உங்கள் நிலைமை இதிலிருந்து வேறாக இருந்தால் கமென்ட்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.