நோலா நாட்குறிப்பு: காதால் நடக்கும் கோபுரங்கள்

ஜூன் 20, செவ்வாய்

இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து சிர்கும்வெசுவியானா ரயில் பிடித்து, வெசூவியஸ் எரிமலைக்கு அந்தப் பக்கம் உள்ள நோலாவுக்கு வந்தாயிற்று. அலுவலக நண்பரின் மாமனார் வீட்டில் தங்கல். ஞாயிறன்று இங்கே ஊர்ப் புனிதர் பவுலினோவின் திருவிழா.

தெருக்களில் மரக் கோபுரங்கள் இப்போதே எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் 25 மீட்டர். ஊர்க்காரர்கள் 'ஜில்யி' என்கிறார்கள், லில்லிப் பூக்கள். முகப்பு முழுக்கக் காகிதக் கூழில் செய்த தேவதைகளும் தூண்களும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் மரச்சட்டமும் கட்டுகளும்தான். எனக்கு அந்தப் பின்பக்கம்தான் பிடித்தது.

எடை இரண்டரை டன்னுக்கும் மேல். சக்கரம் கிடையாது. அடியில் வாரைகளைச் செருகி 120க்கும் மேற்பட்ட ஆண்கள் தோளில் தூக்குவார்கள். போதாததற்கு, அடித்தட்டில் ஒரு வாத்தியக் குழுவும் பாடகர்களும் ஏறிக்கொள்வார்களாம். "அவர்களையும் ஏன் சுமக்க வேண்டும்? பக்கத்தில் நடந்து வந்து வாசிக்கக் கூடாதா?" என்று பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை பார்" என்றார்.

ஜூன் 22, வியாழன்

இன்றுதான் புனிதரின் நாள். 431இல் இதே தேதியில் இறந்தார். பிரான்சின் போர்தோவில் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்து, லத்தீன் கவிஞராகி, சொத்தையெல்லாம் விட்டுவிட்டு நோலாவின் ஆயர் (பிஷப்) ஆனவர்.

விழாவுக்குக் காரணமான கதையைத் திருத்தந்தை முதலாம் கிரகோரி எழுதி வைத்திருக்கிறார். வண்டல்கள் (Vandals) என்ற ஜெர்மானிய இனத்தார் ஊரைச் சூறையாடி ஆட்களை ஆப்பிரிக்காவுக்குப் பிடித்துப் போகிறார்கள். ஒரு விதவை தன் மகனை மீட்கப் பணம் கேட்டு வருகிறாள். பவுலினோவிடம் பணம் தீர்ந்துவிட்டது. மகனுக்குப் பதிலாகத் தன்னையே அடிமையாகக் கொடுத்துவிடுகிறார். அங்கே தோட்ட வேலை. கடைசியில் அவர் யாரென்று தெரிந்து, நோலாக்காரர்கள் அத்தனை பேரோடும் அவரை விடுவிக்கிறார்கள். கப்பலில் வந்து இறங்கியவரை ஊர் மக்கள் பூக்களோடு வரவேற்றார்கள் என்பது பிறகு சேர்ந்த மரபு.

காலக் கணக்கு உதைக்கிறது. வண்டல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போனதே 429இல்தான், அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. 410இல் நோலாவைச் சூறையாடியவர்கள் விசிகோத்துகள் என்ற வேறொரு ஜெர்மானிய இனத்தார். சரி, விழாவுக்குக் கணக்கு எதற்கு?

ஜூன் 24, சனி

தெரு முழுக்க மேசையும் சாப்பாடும் பாட்டும். தூங்க முடியவில்லை.

ஜூன் 25, ஞாயிறு (எழுதுவது திங்கள் மதியம்)

காலையில் பேராலயச் சதுக்கத்தில் எட்டுக் கோபுரங்களும் ஒரு படகும் கூடின. ஒவ்வொன்றும் ஒரு பழைய தொழிலின் பெயரில்: தோட்டக்காரர், பலசரக்குக்காரர், மதுக்கடைக்காரர், ரொட்டிக்காரர், கசாப்புக்காரர், செருப்புத் தைப்பவர், கொல்லர், தையல்காரர். படகு, புனிதர் திரும்பி வந்த கப்பல். தொழில் சங்கங்கள் இன்று பெயரளவுக்குத்தான். கட்சி சேர்வதெல்லாம் தூக்கும் குழுக்களுக்காக. பராஞ்சா என்று பெயர். தனித்தனிச் சட்டை, கொடி, கால்பந்து அணிக்கு இருப்பதுபோல ரசிகர் கூட்டம். பெரியவர் இளமையில் தையல்காரர் கோபுரம் தூக்கியவர், மற்ற ஏழு கோபுரங்களையும் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆயர் ஆசீர்வதித்ததும் ஆட்டம் தொடங்கியது. உண்மையிலேயே ஆட்டம். குழுத் தலைவர் கோபுரத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கிறார், கையில் மைக். உள்ளூர் பேச்சுமொழியில் அவர் ஒரு சொல் சொல்ல, கோபுரம் ஒரே வீச்சில் எழுகிறது. அப்போதுதான் என் செவ்வாய்க்கிழமைக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அடியில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. முன்னால் ஒரு முதுகு, தலைக்கு மேலே பலகை, அவ்வளவுதான். தெரு எங்கே திரும்புகிறது, கோபுரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் தலைவரின் குரல்தான் சொல்ல வேண்டும். எந்தக் காலை எப்போது வைப்பது என்பதைத் தலைக்கு மேலே ஒலிக்கும் தாளம் சொல்கிறது. பக்கத்தில் நடந்து வாசித்தால் இந்தக் கூச்சலில் கேட்காது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் வருடா வருடம் புதுப் பாட்டு எழுதுவதும் வெறும் அலங்காரம் இல்லை.

இரவு குறுகலான சந்துகள். விக்கோ பிச்சோக்கி என்ற சந்தில்தான் பெருங்கூட்டம், ஏனென்றால் அங்கேதான் மானம் போகும். பால்கனியில் நின்றவர்கள் கையை நீட்டித் தேவதைகளைத் தொட்டார்கள். சுவருக்கும் கோபுரத்துக்கும் நடுவே இடம் இல்லாததால் ஓரத்து ஆட்கள் நழுவி விலக, மிச்சம் இருந்தவர்கள் தாங்கினார்கள். பாட்டு நின்றுவிட்டது. டிரம் மட்டும். தலைவர் கத்தவில்லை, கெஞ்சுவதுபோல மெதுவாகப் பேசினார். உச்சி ஒரு பக்கம் சாய, என் பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அது நிமிர்ந்தது. சந்து முடிந்த இடத்தில் எல்லா வாத்தியங்களும் ஒரேயடியாக வெடித்தன. தூக்கியவர்கள் அழுதார்கள், பார்த்தவர்களும்தான்.

கடைசிக் கோபுரத்தை இறக்கும்போது விடிந்திருந்தது.

ஜூன் 27, செவ்வாய்

பெரியவர் சட்டையை விலக்கி, தோளில் இன்னும் இருக்கும் காய்ப்பைக் காட்டினார். காப்பிக் கடையில் தீர்ப்பு முடிவதாக இல்லை: யார் சரியாகத் திருப்பினார்கள், யார் சந்தில் தடுமாறினார்கள். ஓர் இளைஞன் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி வாதாடுகிறான். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த விழா சேர்ந்ததைப் பற்றி நான்தான் பேச்சை எடுத்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

நியூயார்க்கில், புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில், நோலாவிலிருந்து போனவர்கள் 1903 முதல் இதேபோல் ஒரு கோபுரம் தூக்குகிறார்கள். ஜூலையில் அவர்கள் முறை. அதைப் பற்றிப் பெரியவரின் கருத்து: "தெரு அகலம். அங்கே என்ன கஷ்டம்?"