கை கால் நன்றாகத்தான் இருந்தது

பக்கவாதம் என்றால் வாய் கோணிக்கொள்ளும், கை தொங்கிவிடும், பேச்சு குழறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தபோது வாய் கோணவில்லை, கையும் காலும் சொன்னபடி கேட்டன. விக்கல்தான் நிற்கவில்லை.

அப்போது எனக்கு வயது 54. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பத்து வருடமாகக் கூடவே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது குளியலறையே சுற்றியது. இடது பக்கமாகச் சாய்ந்து சுவரில் மோதினேன். அப்புறம் வாந்தி. "பித்தமா இருக்கும், இதைக் குடிங்க" என்று மனைவி எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். ஒரு மடக்கு குடித்தேன், அது மூக்கு வழியாக வெளியே வந்தது. அவசரத்தில் குடித்ததால் புரையேறிவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். காலைத் தூக்கச் சொன்னார்கள், அதையும் தூக்கினேன். காது நரம்புக் கோளாறு, வெர்டிகோ என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். தலைசுற்றலோடு போகிறவர்களில் நிறைய பேருக்குக் காதுதான் காரணம், அதனால் அவர்களையும் ரொம்பக் குறை சொல்ல மனம் வரவில்லை. எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் மகன் தோளைப் பிடித்திருந்தான்.

மறுநாள் காலை மனைவி காபி கொண்டுவந்தாள். டம்ளரை வலது கையில் வாங்கி, "என்ன, ஆறிப்போச்சு?" என்றேன்.

"இப்பத்தாங்க இறக்கினேன்."

இடது கைக்கு மாற்றினேன், சுட்டது. மறுபடி வலது கை. டம்ளரின் விளிம்பு தெரிகிறது, வழவழப்பு தெரிகிறது, சூடு மட்டும் தெரியவில்லை. விக்கல் வேறு முந்தின இரவிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது, குரலும் கம்மிப்போயிருந்தது. மகன் அதற்கு மேல் காத்திருக்கவில்லை, பெரிய மருத்துவமனைக்கு வண்டியை எடுத்துவிட்டான்.

சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்கு நிம்மதி. ஆனால் அங்கிருந்த இளம் டாக்டருக்கு நிம்மதி இல்லை. குண்டூசியால் மெல்லக் குத்திப் பார்த்தார். முகத்தில் இடது பாதிக்கு வலி தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே வலது பாதிக்குத் தெரியவில்லை. என் இடது இமை கொஞ்சம் இறங்கியிருப்பதையும் அந்தக் கண்மணி சிறுத்திருப்பதையும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்மூளைப் பகுதியில் அடைப்பு வந்தால் ஆரம்பத்தில் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாதாம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் இடது ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தது ஒரு நாள் கழித்து. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை, அவ்வளவுதான்.

முகம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம் என்று இது என்ன கணக்கு என்று கேட்டேன். டாக்டர் என் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். மூளைக்கு ரத்தம் நாலு குழாயில் போகிறது. இரண்டு கழுத்தின் முன்பக்கம். இரண்டு பின்பக்கம், கழுத்தெலும்புகளில் இருக்கும் ஓட்டைகள் வழியாக ஏறுகின்றன. எனக்கு அடைத்தது இடது பின்குழாய். முகத்திலிருந்து வரும் வலி, சூடு நரம்புகள் அதே பக்கமாக முகுளத்துக்குள் இறங்குகின்றன. உடம்பிலிருந்து வருபவை தண்டுவடத்திலேயே பக்கம் மாறி மேலே ஏறுகின்றன. இடது முகுளத்தில் இரண்டும் அருகருகே ஓடுகின்றன. கை கால் அசைவுக்கான நரம்புகள் முகுளத்தின் முன்நடுவில் போகின்றன, அவற்றுக்கு ரத்தம் வேறு கிளையிலிருந்து வருகிறது. அதனால் அவை தப்பித்தன. வாலன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895லேயே இதை விவரமாக எழுதிவைத்திருக்கிறாராம்.

வார்டில் படுத்திருந்தபோது இந்தப் படம் எனக்கு இன்னும் தெளிவானது. பக்கத்துக் கட்டில்காரருக்கு அடைத்தது மூளைக்குள் இருக்கும் இடது நடுத் தமனி. வலது கை விழுந்துவிட்டது, எதைக் கேட்டாலும் "ஆமா ஆமா" என்பதைத் தவிர வார்த்தை வராது. காலை மட்டும் ஓரளவு அசைப்பார், ஏனென்றால் காலுக்கான இடத்துக்கு ரத்தம் கொடுப்பது முன் தமனி. எதிர்க் கட்டில் பெரியவருக்கு இடது பின் தமனி, என்னுடையது போல் கழுத்தில் ஏறும் குழாய் அல்ல, இதுவும் மூளைக்குள் இருப்பது. கை கால் சுத்தம், பேச்சு சுத்தம். பேப்பரில் தன் பெயரை அழகாக எழுதுவார், எழுதியதை நீட்டினால் வாசிக்கத் தெரியாமல் விழிப்பார். எழுதத் தெரிந்தவருக்கு எப்படி வாசிக்கத் தெரியாமல் போகும் என்று அவர் மருமகள் நம்பவே இல்லை, நடிக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கஷ்டம் முழுக்கத் தொண்டையில்தான். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டார்கள். இரண்டு மணிக்கொரு தரம் கஞ்சி, மோர், பொடித்த மாத்திரை. ஊற்றியபின் அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார வேண்டும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கையில் துண்டு வைத்துத் துப்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு மாதிரியான அவமானம், வந்து பார்ப்பவர்களிடம் விளக்கவும் முடியாது. விக்கல் பேக்லோஃபென் கொடுத்து ஆறாம் நாள் நின்றது.

விழுங்கும் பயிற்சி கொடுத்த மேடம், தண்ணீர்தான் கடைசியில் வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், நுரையீரலில் சளி கட்டும். தலையை இடது பக்கம், அதாவது பலவீனமான பக்கம் திருப்பி, தாடையை நெஞ்சோடு ஒட்டி விழுங்கச் சொன்னார். அப்படித் திருப்பினால் செயலிழந்த பக்கம் மூடிக்கொள்ளும், சாப்பாடு நல்ல பக்கமாக இறங்கும். மசித்த வாழைப்பழம், ஒரு டீஸ்பூனில் கால்வாசி. அதற்கே ஐந்து நிமிடம், நடுவில் இருமல். ஒரு நாள் மகன் ஆசையாக இளநீர் வாங்கி வந்து வைத்திருந்தான். மேடம் அதை எடுத்து என் மனைவியிடம் கொடுத்து, "நீங்க குடிங்கம்மா" என்றார். டியூப் எடுத்தது இருபத்தாறாம் நாள். முழு டம்ளர் தண்ணீர் குடிக்க மூன்று மாதம் ஆனது.

இப்போது நடக்கிறேன், இருட்டில் மட்டும் இடது பக்கம் தள்ளுகிறது. குரல் பழைய குரல் இல்லை. வலது பக்கச் சூடு திரும்பவில்லை. முதல் குளிரில் வெந்நீரை வலது கையால் பார்த்து ஊற்றி முழங்காலில் கொப்புளம் வாங்கியபின், வாளியில் இடது கையைத்தான் விடுகிறேன். அதையும் நம்பாமல் மனைவி தன் கையை ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறாள்.